வேகம் அப்புறம், கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை முதலில் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. கோவையில் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில், மென்பொருள்களை நிறுவ, நீக்க, புதுப்பிக்க உதவும் ஒரு ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ் மேனேஜருக்குச் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்துகொண்டிருந்தேன். பைத்தானில் எழுதியது, டெர்மினலில் ஓடுவது, லினக்ஸிலும் மேக்கிலும் சில ஆயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள். அதைத் தொடங்கியவர் மொத்தப் பொறுப்பையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். முந்நூறுக்கு மேல் புகார்கள் திறந்தே கிடக்கின்றன. 'அப்டேட்' கொடுத்தால் நிமிடக்கணக்கில் நிற்கிறது என்று பாதிப் பேர் திட்டுகிறார்கள். எல்லாவற்றையும் ரஸ்ட் மொழியில் திருப்பி எழுதிவிடலாம் என்கிறான் நண்பன். நடுவில் கரண்ட் போனதிலிருந்து எந்தக் கமாண்டும் ஓடவில்லை என்று ஒருவர் போன வாரம் கோபமாக எழுதியிருந்தார். முகம் தெரியாத ஒருவர் நல்ல நல்ல பேட்ச் (கோடுக்கான திருத்தங்கள்) அனுப்புகிறார், ரிலீஸ் செய்யும் உரிமையும் கேட்கிறார். எனக்கோ தேடலுக்கு அழகான ஒரு திரை செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது? கோட் இருக்கும் ரெப்போவின் லிங்க் இணைத்திருக்கிறேன்.
– கோவை வாசகர்

பதில்: தம்பி, லிங்கில் போய்க் கோடைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் பொதுவாகச் சொல்லாமல் இடம் காட்டியே சொல்ல முடியும்.

ரஸ்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ரஸ்ட் நல்ல மொழிதான். ஆனால் உங்கள் 'அப்டேட்' நிமிடக்கணக்கில் நிற்பதற்கும் பைத்தானுக்கும் சம்பந்தமே இல்லை. பேக்கேஜ் பட்டியல் முழுவதையும் ஒரு கிட் ரெப்போவாக (மாற்றங்களின் வரலாற்றோடு ஃபைல்களை வைக்கும் களஞ்சியம்) வைத்து, ஒவ்வொரு தடவையும் பயனரின் கணினியில் அதைப் 'புல்' செய்து இறக்குகிறீர்கள், நேரம் அங்கேதான் போகிறது. ரஸ்டின் சொந்தப் பேக்கேஜ் மேனேஜரான கார்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். ரஸ்டிலேயே எழுதியதுதான், ஆனாலும் பட்டியல் கிட்டில் இருந்த காலம் வரை அதற்கும் இதே வியாதி இருந்தது. தேவைப்படும் பேக்கேஜின் விவரத்தை மட்டும் ஹெச்டிடிபி வழியாகக் கேட்டு வாங்கும் முறை 2023 ஜூனில் வந்த ரஸ்ட் 1.70-இல் இயல்பான வழியாக மாறிய பிறகுதான் தீர்ந்தது. மேக்கில் பரவலான பேக்கேஜ் மேனேஜர் ஹோம்ப்ரூவும் இதே பாதையில் வந்ததுதான்: 2023 பிப்ரவரியில் வந்த 4.0-இல், பெரிய கிட் ரெப்போவைப் பயனர்கள் எல்லாரும் சுமக்க வேண்டாம், ஒரு ஜேசான் ஃபைலை (தரவை எழுத்தாக வைக்கும் வடிவம்) இறக்கினால் போதும் என்று மாற்றினார்கள். ஹோம்ப்ரூ ரூபியில்தான் எழுதியது, அதற்குப் பிறகும் ரூபிதான். இன்னும் முன்னால் போனால், ஐஃபோன், மேக் ஆப் எழுதுபவர்களின் கோகோபாட்ஸ். ஒரே ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கான உட்ஃபோல்டர்களோடு கிட்டில் வைத்திருந்த பட்டியலால், கிட் ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப்பின் சர்வர்களே திணறி, 2016-இல் கிட்ஹப் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது, கடைசியில் 2019-இல் 1.8 பதிப்பில் அவர்களும் சிடிஎன்னுக்கு (பல ஊர்களில் நகல் வைத்து ஃபைல்களை வேகமாகக் கொடுக்கும் சர்வர்கள்) மாறினார்கள்.

மூன்று கூட்டமும் தனித்தனியாக அடிபட்டு வந்து சேர்ந்த இடம் ஏறக்குறைய ஒன்றுதான், நீங்கள் நேராக அங்கேயே போய்விடலாம். ஒரு பேக்கேஜுக்கு ஒரு சின்ன ஃபைல், அதை நிலையான ஃபைலாகவே ஏதாவது சிடிஎன்னில் வையுங்கள். பயனரிடம் ஏற்கெனவே இருப்பது மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று ஒரு வரி பதில் சொல்லிவிடும், டேட்டா எதுவும் இறங்காது. மொபைல் டேட்டாவை வைத்து லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிட் ரெப்போவை விட்டுவிடவும் வேண்டாம்: பேட்ச் வாங்குவதும் சரிபார்ப்பதும் அங்கேயே நடக்கட்டும், அதிலிருந்து இந்தச் சின்ன ஃபைல்களை ஒரு ஸ்கிரிப்ட் தயாரித்துக் கொடுக்கட்டும். இன்னொன்று, வெறும் 'லிஸ்ட்' கமாண்டுக்குக்கூட நெட்வொர்க் லைப்ரரி முழுவதையும் இம்போர்ட் செய்கிறீர்கள். அந்த இம்போர்ட்டுகளைத் தேவைப்படும் ஃபங்க்ஷனுக்குள் தள்ளிவிட்டாலே கமாண்ட் சட்டென்று ஓடும். அவ்வளவுதான் வேகம், இதற்கு மேல் இப்போது அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

ஏன் என்றால், அந்தக் கரண்ட் போன மனிதரின் கடிதம்தான் முந்நூறு புகாரிலும் முக்கியமானது. மெதுவாக ஓடும் பேக்கேஜ் மேனேஜரை மக்கள் திட்டிக்கொண்டே பயன்படுத்துவார்கள், கணினியைக் கெடுத்துவிடும் பேக்கேஜ் மேனேஜரை ஒரே தடவையில் தூக்கிப் போட்டுவிடுவார்கள், போடத்தான் வேண்டும். அவருக்கு என்ன நடந்தது என்று உங்கள் கோடைப் பார்த்தாலே தெரிகிறது. நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலை ஒரே ஒரு ஜேசான் ஃபைலில் வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு நிறுவலுக்குப் பிறகும் அதே ஃபைலை எழுதுவதற்காகத் திறக்கிறீர்கள். திறந்த அந்த நொடியிலேயே பழைய உள்ளடக்கம் போய்விட்டது, ஃபைலின் அளவு பூஜ்ஜியம். புதியதை எழுதி டிஸ்க்கில் போய் உட்காருவதற்குள் கரண்ட் போனால் மிஞ்சுவது வெறும் ஃபைல். அதற்கப்புறம் எந்தக் கமாண்ட் கொடுத்தாலும், 'ஹெல்ப்' கேட்டால்கூட, முதல் வேலையாக அந்த ஃபைலைப் படிக்கப் போய் 'எக்ஸ்பெக்டிங் வேல்யூ: லைன் 1 காலம் 1' என்று ஒரு முழ நீளத்துக்குப் பைத்தான் ட்ரேஸ்பேக் வந்து விழும். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது அதேதான். அவர் எதையும் தப்பாகச் செய்யவில்லை.

இதைச் சரிசெய்ய இருபது வரி போதும். அதே ஃபோல்டரில் வேறு பெயரில் ஒரு தற்காலிக ஃபைல் எழுதுங்கள், எழுதியதை எஃப்சின்க் கொடுத்து டிஸ்க்கில் இறக்குங்கள், பிறகு பைத்தானின் ஓஎஸ் டாட் ரீப்ளேஸ் போட்டுப் பழைய பெயருக்கு மாற்றுங்கள், கடைசியாக அந்த ஃபோல்டருக்கும் ஒரு எஃப்சின்க். பெயர் மாற்றம் யூனிக்ஸில் பிளவுபடாத செயல், ஒன்று பழையது இருக்கும் அல்லது புதியது இருக்கும், பாதி என்பது கிடையாது. எஃப்சின்க்கை வேகத்துக்காக விட்டுவிடாதீர்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் பரவலான காலத்தில் பெயர் மாற்றம் டிஸ்க்கில் ஏறிவிடும், உள்ளடக்கம் ஏறியிருக்காது, கரண்ட் போய் வந்தால் பூஜ்ஜியம் பைட் ஃபைல்கள். டெபியன் லினக்ஸில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியே இதில் சிக்கித்தான் ஒவ்வொரு ஃபைலுக்கும் எஃப்சின்க் போட ஆரம்பித்தது, நிறுவல் மெதுவாகிவிட்டது என்று திட்டு வாங்கியும் அதைக் கைவிடவில்லை. மேக்கில் சாதாரண எஃப்சின்க் மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள், டிஸ்க்கின் உள் கேஷ் வரை தள்ளுவதற்கு அங்கே 'எஃப் ஃபுல்எஃப்சின்க்' என்று தனியாக ஒன்று இருக்கிறது.

இந்த வேலையே வேண்டாம், எஸ்கியூலைட்டுக்கு (ஒரே ஃபைலில் இயங்கும் டேட்டாபேஸ்) மாறிவிடுகிறேன் என்றாலும் சரி, எனக்கு இன்னும் சந்தோஷம். ஃபெடோரா போன்ற லினக்ஸ்களின் ஆர்பிஎம் பல வருடம் பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸில் ஓடி, உடைந்ததைத் திரும்பக் கட்டும் 'ரீபில்ட்டிபி' என்ற கமாண்டை நிர்வாகிகள் மனப்பாடமாக வைத்திருக்கும் நிலைமை வந்து, 2020-இல் ஃபெடோரா 33-இல் எஸ்கியூலைட்டுக்குத்தான் வந்தது.

அடுத்தது பேக்கேஜின் ஃபைல்கள். பேக்கேஜின் ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய டார் ஃபைலை நேரடியாக இலக்கு ஃபோல்டரிலேயே பிரிக்கிறீர்கள், எல்லாம் முடிந்த பிறகுதான் பட்டியலில் பெயர் ஏறுகிறது. நடுவில் நின்றால், ஃபைல்கள் டிஸ்க்கில் கிடக்கும், பட்டியலுக்கு அது தெரியாது. வீட்டுச் சாமானைத் தெருவில் பாதி இறக்கிவிட்டு லாரி கிளம்பிவிட்ட மாதிரி. திரும்ப நிறுவப் போனால் 'ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது' என்று உங்கள் நிரலே மறுக்கிறது, நீக்கப் போனால் 'அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை' என்கிறது. திறந்து கிடக்கும் புகார்களில் இந்த இரண்டு வாக்கியங்களும் எத்தனை இடத்தில் வருகின்றன என்று தேடிப் பாருங்கள், நான் தேடிப் பார்த்தேன், நிறைய.

டிபிகேஜி எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஃபைலையும் பெயருக்குப் பின்னால் 'டிபிகேஜி-நியூ' என்று ஒட்டித் தனியாகப் பிரிக்கிறது, டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்துகொண்டு அப்புறம்தான் நிஜப் பெயருக்கு மாற்றுகிறது. அதோடு, ஒவ்வொரு பேக்கேஜும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வருகிறது: பாதி நிறுவியது, பிரித்து வைத்தது, பாதி அமைத்தது, முழுதாக நிறுவியது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே குறிக்கிறது என்பதுதான் விஷயம். அதனால்தான் நடுவில் அறுந்துபோனால் அடுத்த தடவை அதற்கே தெரிகிறது, 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்று அடியுங்கள் என்று சரியான கமாண்டையும் சொல்கிறது. உபுண்டுவில் கொஞ்ச நாள் இருந்த எவருக்கும் அந்த வரி தெரியும். அதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பேக்கேஜ் மேனேஜர்கள் எழுதிய செய்திகளிலேயே மிக நேர்மையான ஒன்றாகப் படுகிறது. என்ன ஆயிற்று, நீ என்ன செய்ய வேண்டும், இரண்டும் அதில் இருக்கிறது.

உங்களுக்கு டிபிகேஜி அளவுக்குக் கூடத் தேவையில்லை. பதிப்பு வாரியாகத் தனி ஃபோல்டரில் பிரித்து, முடிந்ததும் சிம்லிங்க்கை (ஃபோல்டரைக் காட்டும் சுட்டி) மட்டும் புதியதற்குத் திருப்பிவிடலாம், ஹோம்ப்ரூவின் செல்லார் ஃபோல்டர் ஏறக்குறைய அப்படித்தான், நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜர் இதை இன்னும் கடைசி எல்லை வரை கொண்டுபோயிருக்கிறது. பழைய பதிப்புக்குத் திரும்புவதும் அப்போது சுலபம். ஒரே ஒரு எச்சரிக்கை: தற்காலிக ஃபோல்டர் என்று சிஸ்டத்தின் டெம்ப் ஃபோல்டரில் பிரிக்காதீர்கள், பல கணினிகளில் அது வேறு ஃபைல் சிஸ்டம், ஃபைல் சிஸ்டம் தாண்டிப் பெயர் மாற்றம் நடக்காது. இலக்கு இருக்கும் அதே இடத்துக்குள்ளேயே ஒரு மறைவான ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு நம்பிக்கையில் விட்டுவிடாமல், ஒரு டெஸ்ட் எழுதுங்கள். கன்டெய்னருக்குள் (தனிமைப்படுத்திய சூழல்) ஒரு நிறுவலைத் தொடங்கி, ஏதோ ஒரு கணத்தில் 'கில் -9' போட்டுக் கொன்றுவிட்டு, திரும்ப அதே கமாண்டைக் கொடுத்து, முழுதாக முடிகிறதா என்று பாருங்கள். கணத்தை மாற்றி மாற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். இன்னொரு டெஸ்ட்: சில எம்பி மட்டுமே உள்ள ஒரு டிஸ்க்கைக் கொடுத்து, இடம் தீர்ந்துபோகும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். உங்கள் இப்போதைய டெஸ்டுகள் எல்லாமே எல்லாம் நல்லபடி நடந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் சோதிக்கின்றன. பேக்கேஜ் மேனேஜருக்கு வேலையே மற்ற நேரத்தில்தான்.

லாக் (பூட்டு) பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு டெர்மினலில் ஒரே நேரத்தில் நிறுவக் கூடாது என்பதற்காக, ஓடும் நிரலின் எண்ணை (பிராசஸ் எண்) ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறீர்கள். நிரல் செத்துப்போனால் அந்த ஃபைல் அநாதையாகக் கிடக்கும், பயனர் இணையத்தில் தேடி 'லாக் ஃபைலை அழித்துவிடுங்கள்' என்ற யோசனையைக் கண்டுபிடிப்பார், அதைப் பழக்கமாக்கிக்கொண்டு நிஜமாகவே இன்னொன்று ஓடும்போதும் அழிப்பார். கர்னலே தரும் எஃப்லாக் என்ற பூட்டைப் பயன்படுத்துங்கள், பிராசஸ் செத்தால் பூட்டு தானாக அவிழும். காத்திருக்கும்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், டெபியன், உபுண்டுவின் ஆப்ட் இப்போது எந்தப் பிராசஸ் பிடித்து வைத்திருக்கிறது என்று எண்ணோடும் பெயரோடும் காட்டிவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறது பாருங்கள், அது போல.

சரி, அடுத்து, செய்யப் போவதைச் சொல்வது. 2021 நவம்பரில் ஒரு பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப் போனார். அந்த நேரத்தில் களஞ்சியத்தில் இருந்த ஒரு டிபெண்டென்சி (ஒரு பேக்கேஜுக்கு இன்னொன்று தேவைப்படுவது) சிக்கலால் ஆப்ட் போட்ட கணக்கு, ஸ்டீம் வேண்டும் என்றால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று வந்தது. ஆப்ட் எச்சரிக்கவும் செய்தது, 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று முழு வாக்கியத்தையும் டைப் செய்தால்தான் தொடர்வேன் என்றது. அவர் டைப் செய்தார், டெஸ்க்டாப் போயிற்று, லட்சக்கணக்கானவர்கள் அதைக் காணொளியில் பார்த்தார்கள். படித்துப் பார்க்காதது அவர் தப்பு என்று அன்று நிறையப் பேர் எழுதினார்கள், நான் அதை ஏற்கவில்லை. பக்கம் பக்கமாகப் பேக்கேஜ் பெயர்கள் ஓடும் திரையில் அந்த எச்சரிக்கையும் அதே நிறத்தில் அதே எழுத்தில் இன்னொரு வரியாகத்தான் இருந்தது, ஸ்டீம் கேட்ட ஒருவருக்கு டெஸ்க்டாப்பை நீக்குவது ஒரு பதிலே இல்லை. ஆப்ட்டைப் பராமரிக்கிறவர்களும் அதைப் பயனரின் தலையில் கட்டவில்லை: கொஞ்ச நாளிலேயே அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, அத்தியாவசியப் பேக்கேஜை நீக்க வேண்டிய கணக்கு வந்தால் மறுத்துவிடும்படி மாற்றினார்கள், நிஜமாகவே வேண்டும் என்பவர் தனியாக ஒரு ஆப்ஷன் கொடுக்க வேண்டும். 2025-இல் வந்த ஆப்ட் 3.0-இல் நீக்கப் போவது சிவப்பில், நிறுவப் போவது பச்சையில், வரிசை வரிசையாக வருகிறது.

உங்கள் நிரல் நீக்கப் போவதைச் சொல்வதே இல்லை, 'தொடரலாமா' என்று மட்டும் கேட்கிறது. எதை, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, எது போகிறது, எவ்வளவு டேட்டா இறங்கும், எல்லாம் கேள்விக்கு முன்னால் வர வேண்டும், நீக்குவது கேள்விக்கு மிக அருகில் வர வேண்டும். செய்து முடித்ததையும் எழுதி வையுங்கள். ஆப்ட்டின் ஹிஸ்டரி லாகில் (பதிவேடு) எந்த நேரத்தில், எந்தக் கமாண்ட் கொடுத்து, எவையெல்லாம் மாறின என்று இருக்கும், ஃபெடோராவின் டிஎன்எஃப்பில் 'ஹிஸ்டரி அண்டூ' என்றே ஒரு கமாண்ட் இருக்கிறது. உங்களிடம் வரும் புகார்களில் பாதிக்கு விடை அந்த லாகில் கிடைக்கும்.

டிபெண்டென்சி கணக்குக்கு வருவோம். உங்கள் நிரல் முதலில் எந்த நிபந்தனை கண்ணில் படுகிறதோ அதற்கேற்ற பதிப்பை எடுத்துக்கொண்டு, பின்னால் வருகிற நிபந்தனையைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறது. நிறுவும்போது எல்லாம் சரியாக இருக்கும், ஓட்டும்போது உடையும். பைத்தானின் பேக்கேஜ் நிறுவியான பிப் பல வருடம் இப்படியேதான் இருந்தது. தயவுசெய்து இதற்கு நீங்களாக ஒரு அல்காரிதம் எழுத உட்காராதீர்கள், பதிப்புகளைப் பொருத்துவது என்பி-முழுமைக் கணக்கு, சின்ன உதாரணங்களில் எல்லாம் வேலை செய்யும், பெரிய பட்டியலில் மூச்சு முட்டும். பிப் பயன்படுத்தும் ரிசால்வ்லிப் லைப்ரரி பைத்தானில்தான் இருக்கிறது, ஃபெடோராவும் சூசே லினக்ஸும் நம்பும் லிப்சால்வ் லைப்ரரி சி-யில் இருக்கிறது. தோல்விக்கான காரணத்தை நன்றாக விளக்க வேண்டும் என்றால் பப்கிரப் முறையைப் பாருங்கள், டார்ட் மொழிக்காக 2018-இல் வந்தது, பைத்தான் உலகில் யுவி என்ற பேக்கேஜ் மேனேஜர் இப்போது அதைத்தான் ஓட்டுகிறது. உங்கள் நிரல் இன்று சொல்வது 'டிபெண்டென்சி கான்ஃப்ளிக்ட்' என்ற இரண்டு வார்த்தை. அதே இடத்தில் இப்படி வந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

"'படம்' 3.2-க்கு 'எழுத்துரு' 2 அல்லது அதற்கு மேல் வேண்டும். நீங்கள் நிறுவியிருக்கும் 'அச்சு' 1.4, 'எழுத்துரு' 1-ஐ மட்டுமே ஏற்கும். 'அச்சு' 2.0-இல் இந்தத் தடை இல்லை."

இதைப் படித்தவர் உங்களுக்குப் புகார் எழுத மாட்டார், 'அச்சு'வை உயர்த்திவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்.

மாற்றும் விதத்தையும் பிப்பிடமே கற்றுக்கொள்ளலாம். 2020 ஜூலையில் வந்த 20.2-இல் புதிய ரிசால்வரை (பதிப்புகளைப் பொருத்தும் பகுதி) விருப்பப்பட்டால் இயக்கிப் பார்க்கலாம் என்று விட்டார்கள், நவம்பர் கடைசியில் 20.3-இல் அதை இயல்பாக்கினார்கள், அப்போதும் பழையதற்குத் திரும்ப ஒரு ஆப்ஷன் வைத்திருந்தார்கள். இடையில் பயனர்களிடம் உட்கார்ந்து பேசி, எந்தச் செய்தி புரிகிறது, எது புரியவில்லை என்று கேட்டார்கள். அப்படிச் செய்தும் சிலருக்கு உடைந்தது. ஒரேயடியாக மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பேக்கேஜின் வடிவத்தை மாற்றுவதானாலும் இதே பொறுமை வேண்டும். ஆர்ச் லினக்ஸ் 2020 தொடக்கத்தில் எக்ஸ்இசட் என்ற சுருக்க முறையிலிருந்து இசட்எஸ்டிடிக்கு மாறியபோது மொத்த அளவு சுமார் 0.8 சதவீதம்தான் கூடியது, பிரிக்கும் வேகம் சுமார் 1300 சதவீதம் ஏறியது. ஆனால் புதிய வடிவத்தைப் படிக்கத் தெரிந்த லைப்ரரி அதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னாலேயே, 2018 செப்டம்பரிலிருந்தே, பயனர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. படிக்கும் திறன் முதலில், எழுதுவது ரொம்பப் பின்னால்.

அப்புறம், நீங்கள் அச்சடிக்கும் ஒவ்வொரு வரியையும் எங்கோ ஒருவருடைய ஸ்கிரிப்ட் படித்துக்கொண்டிருக்கிறது. ஆப்ட் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2014-இல் 'ஆப்ட்' என்ற புதிய கமாண்டைக் கொண்டுவந்து, நிறம், முன்னேற்றப் பட்டை எல்லாவற்றையும் அதில் போட்டு, பழைய 'ஆப்ட்-கெட்'டை ஸ்கிரிப்டுகளுக்காக அசைக்காமல் விட்டார்கள். புதியதன் வெளியீட்டை வேறு நிரலுக்குப் பைப் செய்தால் 'இந்த இடைமுகம் நிலையானது அல்ல, ஸ்கிரிப்டில் கவனம்' என்று அதுவே எச்சரிக்கிறது. உங்களுக்கு இரண்டு கமாண்ட் தேவையில்லை, ஜேசானாக வெளியிட ஒரு ஆப்ஷன் கொடுத்து, அதன் வடிவத்தை மாற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மனிதர் பார்க்கும் திரையை அதன்பின் இஷ்டம் போல் மாற்றலாம்.

இப்போது அந்த முகம் தெரியாதவர். இந்தக் கேள்வியை நீங்கள் கடைசிக்கு முன்னால் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதைப் படித்ததும்தான் மனசு அடித்துக்கொண்டது. 2024 மார்ச் 29-ஆம் தேதி அதே எக்ஸ்இசட் சுருக்க நிரலில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழைய வைத்த வழி) இருப்பதை ஆன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் வெளியிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டப் போய்த்தான் அது கிடைத்தது. அதை வைத்தவர் திடீரென்று வந்தவர் அல்ல, இரண்டு வருடத்துக்கு மேலாக நல்ல பேட்சுகள் அனுப்பி, களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, ரிலீஸ் உரிமையையும் வாங்கியவர். 2018-இல் ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியமான என்பிஎம்மின் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற லைப்ரரியிலும் இதே மாதிரி, பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒருவர் திருட்டுக் கோடை உள்ளே விட்டார். ஒரு சாதாரண லைப்ரரிக்கே இப்படி என்றால், பயனரின் கணினியில் சூடோ (நிர்வாகி) உரிமையோடு ஓடும் உங்கள் நிரல் எவ்வளவு பெரிய இலக்கு என்று பாருங்கள்.

அதற்காக அவரைச் சந்தேகப்பட்டு விரட்டுங்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் நிஜமாகவே நல்ல மனிதராகத்தான் இருப்பார், உங்களுக்கு ஆள் தேவை என்பதும் உண்மை. அவருக்குப் புகார்களை வகைப்படுத்தும் உரிமை கொடுங்கள், பிறகு பேட்சுகளைச் சரிபார்க்கும் வேலை கொடுங்கள். ரிலீஸ் மட்டும் யார் கையிலும், உங்கள் கையிலும்கூட, தனியாக இருக்கக் கூடாது: இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் வெளியாகும் என்று அமைத்துவிடுங்கள், அப்போது அவருக்கு 'உங்களை நம்பவில்லை' என்று சொல்ல வேண்டிய சங்கடமும் இல்லை, விதி எல்லாருக்கும் ஒன்று. ரிலீஸ் டார் ஃபைலை யாருடைய லேப்டாப்பிலும் தயாரிக்காதீர்கள். எக்ஸ்இசட்டில் பின்கதவை இயக்கிவிட்ட பில்ட் ஸ்கிரிப்ட் வரிகள் கிட்டில் இல்லை, வெளியிட்ட டார் ஃபைலில் மட்டும்தான் இருந்தன, அதனால்தான் கிட்டைப் பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை. கிட் டேக்கிலிருந்து (பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) தானியங்கியாக உருவாகட்டும், வேறொருவர் தன் கணினியில் உருவாக்கினாலும் பைட் மாறாமல் அதே ஃபைல் வர வேண்டும்.

பட்டியலுக்குக் கையொப்பம் இருக்கிறது, நல்லது, ஆனால் அதில் காலாவதித் தேதி இல்லை. கெட்ட எண்ணம் உள்ள ஒரு மிரர் (நகல் சர்வர்), பழைய, சரியாகக் கையொப்பமிட்ட பட்டியலையே மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தால் பயனருக்குப் பாதுகாப்புத் திருத்தம் போய்ச் சேராது, அவருக்கும் தெரியாது. 2008-லேயே அரிசோனா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள், டெபியன் ரிலீஸ் ஃபைலில் 'வேலிட்-அன்டில்' இருப்பது இதற்காகத்தான். ஒரு வரி வேலை, பட்டியலைச் சின்ன ஃபைல்களாக மாற்றும்போதே சேர்த்துவிடுங்கள்.

முந்நூறு புகார்களை ரோபோட் வைத்து மூடாதீர்கள். நேரம் எடுத்து எழுதியவருக்கு ஒரு இயந்திரம் பதில் சொல்வது எனக்கு ஒப்பாது. கணினியைக் கெடுப்பவை, தப்பானதை நிறுவுபவை, மற்றவை என்று மூன்றாகப் பிரியுங்கள், முதல் குவியலில் விழுபவை பெரும்பாலும் மேலே சொன்ன ஜேசான் ஃபைலிலும் டார் பிரிப்பதிலுமே அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. ஹோம்ப்ரூவில் 'டாக்டர்' என்று ஒரு கமாண்ட் உண்டு, கணினியைச் சோதித்து என்ன கோளாறு என்று சொல்லும், அது போல ஒன்று எழுதி, அதன் வெளியீட்டைப் புகாரோடு ஒட்டச் சொல்லுங்கள். 'எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு' என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் மிச்சம்.

தேடல் திரையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், சம்பளம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறவருக்கு ஆசைப்பட்ட ஒன்றைச் செய்யும் உரிமை இருக்கிறது. ஜேசான் வெளியீடு வந்த பிறகு அதைத் தனி நிரலாக எழுதுங்கள், உள் கோடைத் தொடாமலே செய்யலாம், பிடிக்காவிட்டால் தூக்கிப் போடவும் சுலபம். அதற்கு முன்னால், அந்தக் கரண்ட் போன மனிதருக்கு இன்றைக்கே ஒரு பதில் எழுதுங்கள். அவருடைய பட்டியல் ஃபைல்தான் காலி, நிறுவிய ஃபைல்கள் எல்லாம் டிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன. இறக்கிய பேக்கேஜ்களின் கேஷ் ஃபோல்டரை உங்கள் நிரல் அழிப்பதில்லை என்பதைக் கோடில் பார்த்தேன், அதிலிருந்து பட்டியலைத் திரும்பக் கட்ட முடியும். அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அவருக்கு அனுப்புங்கள், அதையே அடுத்த ரிலீஸில் 'ரிப்பேர்' என்ற கமாண்டாகப் போட்டுவிடுங்கள்.